கை நனைத்த நாள்

போன வருஷம் மாசி மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. என் தம்பிக்குப் பெண் பார்ப்பதற்காக, எங்கள் ஊர் கெடாரிலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பினோம். பெண் வீடு திண்டிவனத்தைத் தாண்டி, ஓமந்தூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். வேனில் எல்லாரும் சிரிப்பும் கிண்டலுமாக வந்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தம்பி சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. முதலில் லீவு என்றான். பிறகு அதையும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். குளிக்கச் சொன்னால் குளிப்பான், சொல்லாவிட்டால் இல்லை. தட்டில் சோற்றைப் போட்டால் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குப் போகாது. திருவிழாக் கடையில் பேரம் பேசியே கடைக்காரரை அழவைக்கிற பையன் அவன். அவன் இப்படி ஆனதை எங்கள் யாருக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் என்ன செய்வோம்? ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். "வேலைக்குப் போவாம படுத்துக்கினு இருந்தா வியாதிதான் வரும். கொல்லைல போயி மம்புட்டிய புடி, எல்லாம் ஓடிப்பூடும்" என்பார் அப்பா. அம்மா அமாவாசை தவறாமல் மேல்மலையனூர்க் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் எலுமிச்சம்பழமும் கயிறுமாகத் திரும்பி வருவாள். நானாவது சும்மா இருந்தேனா? கல்யாணமாகி விழுப்புரத்தில் இருக்கிறவள், அங்கே ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள் நான். வாடிக்கையாளர் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, கல்லாவுக்குக் கீழே குனிந்து அவனுக்குப் போன் போடுவேன். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா என்று போலீஸ்காரர் தோற்றார் போங்கள். அவன் "ம்" என்பான். அந்த "ம்"மில் நேற்றைவிட இன்று சத்தம் குறைந்திருக்கிறதா என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். எனக்கு இயல்பிலேயே உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. அந்த மாதங்களில் இரண்டு கால்களிலும் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தேன்.

சாப்பாட்டு நேரம்தான் எல்லாவற்றையும் விட மோசம். அவன் எதிரே அம்மா உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கவளம் உள்ளே போனால் அவள் முகம் மலரும், போகாவிட்டால் கண் கலங்கும். பக்கத்து அறையிலிருந்து அப்பா, "துன்னானா?" என்று குரல் கொடுப்பார். அவன் எழுந்து கை கழுவியதும் எனக்குத் தகவல் வந்துவிடும்.

வயிற்று வலிக்கு என்று வீட்டில் பொய் சொல்லி, விழுப்புரத்தில் ஒரு மனநல டாக்டரிடம் அவனை அழைத்துப் போனேன். டிப்ரெஷன் என்றார். இதுவும் மற்ற நோய் மாதிரி ஒரு நோய்தான், மெதுவாகத்தான் குணமாகும், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்றார். பொங்கலுக்குப் பிறகு கொஞ்சம் தூங்க ஆரம்பித்தான். எனக்கு உயிர் வந்தது. மாத்திரை அட்டையைப் பார்த்து வீட்டிலும் விஷயம் தெரிந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, வந்து சேர்ந்தார். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப்பூடும்க்கா. நானே அப்படித் திரிஞ்சவன்தான? இப்ப இல்ல?" என்றார். மாமா திரிந்தது வேறு, இது வேறு என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? அம்மாவுக்கு அந்த வார்த்தை தேனாக இனித்துவிட்டது. ஜாதகம் வந்தது, பொருத்தம் பார்த்தாயிற்று. "பொண்ணு வூட்டுல மாத்திர கீத்திரன்னு எதுனா ஒளறி வைக்காத" என்று எனக்கு எச்சரிக்கையும் வந்தது. தம்பியைக் கேட்டால், "உங்க இஷ்டம்" என்றான். அவனுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

பெண் வீட்டில் நல்ல வரவேற்பு. பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே பரபரவென்று எல்லாவற்றையும் கவனித்தது பெண்ணின் பெரியம்மா. பெண்ணின் அம்மா எங்கே என்று கேட்டதற்கு, "அதுக்குத் தலவலிங்க, படுத்துக்கினு இருக்குது" என்றார்கள். பெண் வந்து காபி கொடுத்தாள். நேரே நிமிர்ந்து பார்க்கிற பெண். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் தம்பி காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி, கேசரி, பஜ்ஜி வரை சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு மட்டும் உட்காரக் கூடாது. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். "கை நனைப்பது" என்போம். பிடிக்காத வீடென்றால், அவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும், "இன்னொரு நாள் வர்றோங்க" என்று எழுந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளைக்கூட இழுத்துப் பிடித்து வைப்போம்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தம்பி எழுந்து பின்பக்கம் போனான். பாத்ரூம் என்று நினைத்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் கிணறு இருக்குமே என்று ஓடியது புத்தி. அந்த நாட்களில் என் புத்தி அப்படித்தான் ஓடும். நான் எழுவதற்குள் மாமா எழுந்து போனார். போன வேகத்தில் அவர் குரல் வந்தது.

"எக்கா! ஜல்தி வா! மாப்ள கை நனைச்சுட்டாருடோய்!"

எல்லாரும் திமுதிமுவென்று பின்பக்கம் ஓடினோம். அங்கே களத்தில் பிடுங்கிய மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலைச் செடி, குவிந்து கிடந்தது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்து செடியிலிருந்து மல்லாட்டையை ஆய்ந்துகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி என் தம்பி, மடியில் தட்டோடு. சோறும் மல்லாட்டைத் துவையலும். பாதிக்கு மேல் தின்றிருந்தான். பிசைந்து வைக்கவில்லை, தின்றிருந்தான்! அவ்வளவு சோற்றை அவன் ஒரே வேளையில் சாப்பிட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமா கை தட்டினார். பெண்ணின் அப்பா ஓடிவந்து என் அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளைக்குப் பசி தாங்கல பாரு" என்று யாரோ சொல்ல ஒரே சிரிப்பு. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டான். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவும் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுச் சுவரோரமாகப் போய்விட்டார். அவர்தான் பெண்ணின் அம்மா என்று பிறகுதான் தெரிந்தது.

உள்ளே அதற்குள் வெற்றிலைத் தட்டு வந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பெண்ணிடம் யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. பையனிடமும் கேட்கவில்லை. அவன்தான் கை நனைத்துவிட்டானே.

திரும்பி வரும்போது வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாக, "பொண்ணப் புடிச்சிருக்காடா?" என்று கேட்டேன்.

"பசிச்சுதுக்கா" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே சொன்னான். "அவங்க ஆய்ஞ்சிக்கினு இருந்தாங்க. நானும் ஒக்காந்து ஆய்ஞ்சேன். எதுவும் கேக்கல. அவங்களுக்குப் போட்டுக்கினு வந்த சோத்துல எனக்கும் ஒரு தட்டு வச்சிட்டு அவங்க பாட்டுக்கு வேலையப் பாத்தாங்க. என்னப் பாக்கவே இல்ல. பசிச்சுது. சாப்ட்டேன். அந்த ஞாபகமே இல்லக்கா."

கை நனைக்கக் கூடாது என்ற ஞாபகம் இல்லை என்கிறான். எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, வேனிலிருந்து குதித்துவிட வேண்டும் போலவும் இருந்தது. பிள்ளைக்குப் பசித்திருக்கிறது! அதற்குப் போய் ஒரு கல்யாணத்தைத் தலையில் கட்டிவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் என் தூக்கம் போய்விட்டது. மண்டபம், பத்திரிகை, பட்டுப்புடவை என்று வீடு அமர்க்களப்பட்டது. நான் வேலை பார்க்கிற கடையிலேயே கூறைப்புடவை எடுக்க அம்மா வந்து நின்றாள். அப்போதுதான் பேச்சுவாக்கில் சொன்னாள், மாத்திரையை எடுத்து ஒளித்துவிட்டாளாம். "கல்யாணம் பண்ணிக்கப் போற புள்ளைக்கு எதுக்குடி அது? பொண்ணு வூட்டாரு கண்ணுல பட்டா பேஜாராப்பூடும்." திட்டினேன், கெஞ்சினேன். அவள் புடவையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு மதியம் அவன் போன் சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன், மறுபடியும் அதே. கடையில் சொல்லிக்கொண்டுகூட வராமல் பஸ் ஏறினேன். கெடார் போய்ச் சேருவதற்குள் நான் வேண்டாத தெய்வம் இல்லை. வீட்டில் எல்லாரும் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். உயிரோடு இருந்தான். எனக்கு அது போதும் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே பேசினான். "வெளிய வந்தா எல்லாரும் மாப்ளன்றாங்க. நான் சிரிக்கணும். என்னால முடியலக்கா. நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் லேசா இருக்கும்னு தோணுது."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு, "கெளம்பு, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். எழுந்தான். நல்லவேளை, எழுந்தான். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தான். டாக்டர் அவனிடம் தனியாக நெடுநேரம் பேசினார். மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்து, இப்போதைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள் என்றார். அன்று என் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவனுக்கும் சேர்த்து ஒரு பாயை விரித்தார்.

காலையில் தம்பியிடம், "நான் போயி பொண்ணு வீட்ல உண்மையச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லிடு. என்னால முடியாது" என்றான். அவனை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். பஸ் விக்கிரவாண்டி தாண்டுகிற வரைக்கும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? அவர்கள் ஊரைக் கூட்டினால்? பெண்ணுக்குக் கெட்ட பெயர் வந்தால்? தம்பியைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால்?

பெண்ணின் அப்பா வீட்டில் இல்லை. அந்தப் பெண்தான் இருந்தாள், அவள் அம்மாவும் இருந்தார். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, எதையும் அலங்கரிக்காமல் சொல்லிவிட்டேன். நோய், டாக்டர், மாத்திரை, நாங்கள் மறைத்தது, முந்தின நாள் அவன் சொன்னது எல்லாமே. சொல்லி முடித்தபோது வியர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது.

அவள் கோபப்படவில்லை. "அம்மா அன்னைக்கே சொன்னாங்க அக்கா. 'அந்தப் புள்ளைக்கும் எனக்கு வந்ததுதான் வந்திருக்குது'ன்னாங்க" என்றாள்.

அண்ணி என்று கூப்பிடாமல் அக்கா என்று அவள் கூப்பிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

"நாங்களும் மறைச்சோம். தலவலின்னு சொன்னோம் இல்ல? அம்மாவால கூட்டத்துல ஒக்கார முடியாது. கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மாவுக்கு இது இருந்துதாம். கல்யாணம் பண்ணா சரியாப்பூடும்னாங்களாம். அப்புறம் புள்ள பொறந்தா சரியாப்பூடும்னாங்களாம். நான் பொறந்தேன். தம்பி பொறந்தான். சரியாவல. நாங்க பெரிசாயி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனப்புறம்தான் கொஞ்சம் தெளிஞ்சாங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. பிறந்த நாளிலிருந்து தன் அம்மாவுக்கு மருந்தாக இருக்கச் சொல்லி ஒரு குழந்தையின் தலையில் வைத்திருக்கிறார்கள். அவளை மறுபடியும் இன்னொருவனுக்கு மருந்தாக்கத்தான் நாங்கள் வெற்றிலைத் தட்டோடு போயிருக்கிறோம்.

நான் அவள் அம்மாவிடம் திரும்பி, "அன்னைக்கு என் தம்பி சாப்ட்டான். எங்க கையால சாப்புட மாட்டான். நீங்க இன்னாம்மா சொன்னீங்க அவங்கிட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல" என்றார் அவர். பிறகு தரையைப் பார்த்தபடி, "எனக்கு வந்தப்ப சுத்தி நின்னுக்கினு சாப்புடு சாப்புடுன்னுவாங்க. அவங்க கண்ணுதான் தெரியும். சோறு எறங்காது" என்றார்.

"நான் வேணாம்னு சொல்லிட்டதா இருக்கட்டும் அக்கா. உங்க வீட்ல அவரத் திட்ட மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண். கை நனைத்த பிறகு பெண் வேண்டாம் என்றால் ஊர் அவளைச் சும்மா விடுமா? நான் மறுத்தேன். அவள் விடவில்லை. பழியை யார் எடுத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டோம். கடைசியில் பெரியவள் என்ற முறையில் நான்தான் ஜெயித்தேன். கிளம்பும்போது, "அவரு நல்லா ஆயிடுவாரு. அவசரப்படுத்தாதீங்க" என்றாள்.

அன்று மாலையே தம்பியை அழைத்துக்கொண்டு கெடாருக்குப் போனேன். அப்பா, அம்மா, மாமா மூவரும் இருந்தார்கள். கல்யாணத்தை நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். அப்பா நாற்காலியை எட்டி உதைத்தார். மாமா, "கை நனைச்சுட்டு வேணாம்னா எந்த மொகத்த வச்சிக்கினு திண்டிவனம் பக்கம் போவேன்?" என்று துண்டை உதறினார். அம்மா என் காலிலேயே விழப் பார்த்தாள். "கூடப் பொறந்தவளே அவன் வாழ்க்கையக் கெடுத்துட்டியேடி" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

தம்பி அதுவரை கதவோரமாக நின்றிருந்தான். அவன் குரல் வந்தபோது முதலில் யார் பேசுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

"அக்காவத் திட்டாதீங்க. நான்தான் சொல்லச் சொன்னேன். எனக்கு ஒடம்பு சரியில்லப்பா. மாத்திரை வேணும்."

தீபாவளிக்குப் பிறகு அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா தான் உதைத்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். அம்மா உள்ளே போய் அரிசி டிரம்மில் கையை விட்டு, மாத்திரை அட்டையை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. தம்பி விழுப்புரத்திலேயே ஒரு கடையில் கணக்கு வேலைக்குப் போகிறான். நல்ல நாட்களும் உண்டு, போர்வையை விட்டு எழாத நாட்களும் உண்டு. டாக்டரிடம் போகும்போது அப்பாவும் கூட வருகிறார். வேறு யாரோ ஒருவருக்காக வந்தவர் மாதிரி வெளியே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கஷ்டப்பட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று என்று கேள்விப்பட்டு மனசார வாழ்த்தினேன்.

என் படபடப்பு மட்டும் போகவில்லை. போன வாரம்கூட அவன் போன் அணைந்திருந்தது. கடையை விட்டு ஓடத் தயாரானேன். பிறகு ஒரு மெசேஜ் மட்டும் போட்டுவிட்டு, எதிரே நின்ற அம்மாளுக்கு பில் போட்டேன். தப்பாகப் போட்டுத் திட்டும் வாங்கினேன். வெகுநேரம் கழித்துத்தான், "சார்ஜ் இல்லக்கா" என்று போனில் அவன் குரல் வந்தது. சரி என்று வைத்துவிட்டேன், வேறெதுவும் கேட்கவில்லை. பயம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அது என் வியாதி, அதற்கு என் தம்பியை மருந்தாக்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.